ஏழுமலை கேசட்டின் பின்பக்கம்

இரும்பை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வீடு. வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தேன். மரக்காணத்திலிருந்து அத்தனை தூரம் மொபெட்டிலேயே வந்த டீக்கடை மணி, வண்டிக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல் கீழே நின்று கத்தினார்.

“சேகரண்ணே, எறங்குங்க. ஏழுமல போயிட்டாருண்ணே.”

“எங்க போயிட்டாரு?” என்றேன். மனிதர் எப்போதும் எங்காவது போய்க்கொண்டேதான் இருப்பார். போன வாரம் திண்டிவனம், அதற்கு முந்தின வாரம் செஞ்சி.

“செத்துட்டாருண்ணே. பாண்டி ஆஸ்பத்திரியில. மஞ்சக் காமாலயாம். மூணு நாளா ஜொரத்தோடயே சுத்திக்கிட்டு இருந்திருக்காரு.”

மரத்திலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இறங்கும்போது மனதில் ஓடியது என்ன என்பது நன்றாகத் தெரியும். அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுதினால் நான் மனிதனே இல்லை. ஐயோ ஏழுமலை என்று நான் நினைக்கவில்லை. ஐயோ அந்தக் கேசட் என்று நினைத்தேன். அவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டிப் பேசிய கேசட் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அவர் மனைவி காதில் அது விழுவதற்குள் எப்படியாவது வாங்கி அழித்துவிட வேண்டும். அந்த நினைப்பு அன்று முதல் என்னை ஓர் இடத்தில் உட்கார விடவில்லை. நாளை கருமாதி. இப்போதும் இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து கடை வாசல் வரை நடக்கிறேன், திரும்பி வந்து அடுத்த வரியை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏழுமலைக்கு முப்பத்தாறு வயது. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிற குடும்பம். அவரும் இருபத்து நான்கு வயது வரை வாரியவர். பிறகு தச்சு வேலை பழகி, ஆரோவில் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்தார். அங்கே யாரோ ஒரு வெள்ளைக்காரர் கழுத்து முறிந்த கிடாரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். ஏழுமலை அதற்குப் பலா மரத்தில் புதுக் கழுத்து வைத்து, கம்பி மாட்டி, யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளாமல் வாசிக்க ஆரம்பித்தார். வாசித்தார் என்பதா, அடித்தார் என்பதா! உப்பு வாரும்போது பெண்கள் பாடுகிற மெட்டை எடுத்துக்கொண்டு, கூத்துக்காரர் தொண்டையில், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் வேகத்தில் பாடுவார். ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைக் கேட்டுவிட்டு, நாட்டுப்பாட்டை இப்படிக் கோபமாகக் கத்திப் பாடுவதற்கு எங்கள் ஊரில் ஃபோக் பங்க் என்று பெயர் என்றாராம். ஏழுமலை என்னிடம் வந்து தன் வழுக்கைத் தலையைத் தடவிக் காட்டினார்.

“பங்க்குன்னா முடி வளக்கறதுன்னு நெனச்சிருந்தேன். முடியே இல்லாம பங்க்கு ஆயிட்டேண்ணே.”

2004 ஆடி மாதத்தில்தான் அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது, அதுவும் தகராறில். அம்மன் கோயில் திருவிழாவுக்கு வரவேண்டிய பாட்டுக் கச்சேரிக் குழு தாமதம் செய்ததால், நடுவில் இரண்டு பாட்டுப் பாட அவருக்கு இடம் கொடுத்தார்கள். முதல் பாட்டே உப்பள மேஸ்திரிகளைப் பற்றியது. மேஸ்திரிகள் முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்து, மைக்செட் போட்டிருந்த என் காதில் ஒரு வார்த்தை சொன்னார். மைக்கை அணைத்துவிட்டேன். ஏழுமலை நிறுத்தவில்லை. மைக் இல்லாமலே, கழுத்து நரம்பு புடைக்க, மிச்சப் பாட்டையும் பாடி முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“ஏண்ணே அணைச்சீங்க?”

“சொன்னாங்க, அணைச்சேன். எனக்கு அதாம்பா வேல.”

“சரி. பாட்டு எப்படி இருந்துச்சு?”

அடிக்க வருகிறார் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தவன், அதை மறுபடி இறக்கிவிட்டேன். “நல்லா இருந்துச்சு” என்று சொல்லி வைத்தேன்.

“நீங்க கேக்கல,” என்றார். கிடாரைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. அதை இங்கே நான் எழுதப் போவதில்லை. அதற்கடுத்த மழைக்காலத்தில், உப்பளங்கள் மூடிக் கிடந்தபோது, ஏழுமலை என் ரெக்கார்டிங் கடைக்கு வந்தார். எட்டுப் பாட்டு வைத்திருந்தார். கேசட்டுக்கு ‘கால் எரியுது’ என்று பெயரும் வைத்திருந்தார். ஊரெல்லாம் சுனாமிப் பாட்டு கேட்கிறதே, அதில் ஒன்று சேர்த்தால் நன்றாகப் போகுமே என்றேன்.

“கடல் ஒரு நாள் வந்துட்டுப் போச்சுண்ணே. மேஸ்திரி தெனம் வர்றாரு,” என்றார்.

ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு நான்கு நாள் பதிவு செய்தோம். இரண்டாவது பாட்டின் நடுவில் பாண்டி பஸ்ஸின் ஹாரன் விழுந்துவிட்டது. மறுபடி எடுக்கலாம் என்றதற்கு, “அதுவும் நம்ம ஊருதானே, இருக்கட்டும்,” என்றார். உட்கார்ந்து பாடவே மாட்டார். மைக் முன்னால் ஒழுங்காக நிற்கவும் மாட்டார். முன்னே இரண்டு அடி, பின்னே இரண்டு அடி. அவர் நகர நகரச் சத்தம் ஏறும், இறங்கும். நான் சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டர் ஊசியையே பார்த்துக்கொண்டு குமிழைத் திருகிக்கொண்டிருப்பேன். நான்கு நாளும் ஊசியைத்தான் பார்த்தேன். ஊசி சிவப்புக்குப் போகாமல் எட்டுப் பாட்டையும் முடித்ததில் எனக்குப் பெருமை வேறு.

முப்பது கேசட் போட்டோம். பாட்டு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும், பின்பக்கத்தைக் காலியாக விடுங்கள் என்றார். எதற்கு என்று கேட்டபோதுதான் தன் திட்டத்தைச் சொன்னார். இந்தக் கேசட்டை விற்கப் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுப்பார். வாங்கியவர் பாட்டைக் கேட்டுவிட்டு, பின்பக்கத்தில் தன் அபிப்பிராயத்தைப் பேசித் திருப்பித் தர வேண்டும். முப்பது பேர் பேசியதையும் கேட்டுத்தான் அடுத்த கேசட்டுக்குப் பாட்டுக் கட்டுவார். யாராவது தவறிப்போய்ப் பாட்டின் மேலேயே பேசி வைத்தால் பாட்டு அழிந்துவிடும் என்பதால், பாட்டுப் பக்கத்துப் பிளாஸ்டிக் பல்லை நானே உடைத்துக் கொடுத்தேன். அது உடைந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் எதையும் பதிய முடியாது.

டேப் ரெக்கார்டர் இல்லாத வீட்டுக்கு அவரே ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார். பொத்தானை அழுத்திக் கொடுத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய்விடுவார்.

“நான் எதுர்ல இருந்தா பொய் சொல்லுவீங்க. பேசி முடிச்சிட்டுக் கொரல் குடுங்க.”

தெருமுனையில் அவர் நடக்கிற நடை இருக்கிறதே! பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் புருஷன்மார் நடப்பார்களே, அந்த நடை. வெறுமனே ‘நல்லா இருக்கு’ என்று சொன்னவர்களிடம் கேசட் மறுபடியும் போய்ச் சேரும். “நீங்க கேக்கல. இன்னொரு தபா கேளுங்க,” என்பார். சில பேர் மூன்று தடவை கேட்டார்கள். அந்தத் தொல்லை தாங்காமலேயே திட்டக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு.

மணியின் டீக்கடையில் ஆறு மாதம் இதே பேச்சுத்தான். எட்டுப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருக்கிறது, டீ ஆறுவதற்குள் தலைவலி வந்துவிடுகிறது என்பது மணியின் அபிப்பிராயம். பஸ் ஸ்டாண்டு பின்னால் குடியிருக்கும் தமிழ் வாத்தியாருக்கு எதுகை இல்லை, மோனை இல்லை, ஐந்தாம் பாட்டில் மூன்று கெட்ட வார்த்தை வேறு. வெள்ளைக்காரப் பெண் தனக்குத் தெரிந்த தமிழில், கோபம் நல்லா இருக்கு, சுதி சேரல என்று பேசிக் கொடுத்தாராம். இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் அஞ்சலை அக்கா. முப்பது வருஷமாக உப்பளத்தில் நிற்கிறவர்.

“கால் எரியுது, கால் எரியுதுன்னு கத்தறியே, யாரு காலுடா எரியுது? நீ அளத்த உட்டு ஓடிப் பன்னெண்டு வருசம் ஆவுது. செருப்புப் போட்டுக்கிட்டுப் பட்டறையில நிக்கற. எங்க கால வெச்சி நீ பாட்டுக் கட்டுவியா?”

இதைக் கேசட்டில் பேசியதோடு நில்லாமல் தண்ணீர்க் குழாயடியிலும் பேசினார் அக்கா. ஊரே கேட்டது. வேறு ஆளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார், இல்லை ஒளிந்துகொண்டிருப்பார். ஏழுமலை பட்டறைக்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, அக்கா வேலை செய்கிற அதே அளத்தில், பங்குனி வெயிலில் பாத்திக்குள் இறங்கி உப்பு வாரினார். பதினோராம் நாள் என் கடைக்கு வந்தபோது இரண்டு பாதமும் வெடித்திருந்தன. அந்தக் காலோடும் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

“அக்கா சொன்னது சரிண்ணே. மறந்துபோன கால வெச்சி எழுதியிருக்கேன். இப்ப ஞாபகம் வந்துட்டுச்சி. அடுத்த கேசட்டு வேற மாதிரி வரும் பாருங்க.”

எனக்கும் ஒரு கேசட் கொடுத்திருந்தார். நான் அதைப் போட்டுக் கேட்கவே இல்லை. நானே பதிவு செய்ததை நானே எதற்கு உட்கார்ந்து கேட்பது என்று இருந்துவிட்டேன். சித்திரையில் ஒரு நாள் டீக்கடையில் நாலு பேர் என்னைப் பார்த்ததும் ஒரு பாட்டை முணுமுணுத்துவிட்டுச் சிரித்தார்கள். ‘மைக்செட்டு மாமா, மைக்செட்டு மாமா, அம்மனே பாடினாலும் ஆஃப் பண்ணுவீங்களா?’

“என்னய்யா பாட்டு இது?” என்று கேட்டேன்.

“மூணாவது பாட்டுண்ணே. உங்க பாட்டுதான். நீங்கதானே ரெக்கார்டு பண்ணீங்க?” என்றார் மணி. கடை முழுக்கச் சிரிப்பு.

ஓடிப்போய்ப் போட்டுக் கேட்டேன். என் கடையில், என் மைக்கில், என் கண் முன்னாலேயே நின்று என்னைப் பற்றிப் பாடியிருக்கிறார். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும், அது ஊருக்கே தெரியும். மைக்கைப் பிடுங்கிப் பின்பக்கத்தில் பேசினேன். நன்றி கெட்டவன் என்றேன். வெள்ளைக்காரன் குப்பையில் பொறுக்கின கிடாருக்கு ஏற்ற குரல்தான் உனக்கு என்றேன். இனி என் கடைப்படி ஏறினால் காலை உடைப்பேன் என்றேன். கேசட்டை மணியிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். அதன் பிறகு ஐந்து மாதம் அவரும் நானும் பேசவே இல்லை. ரோட்டில் எதிரே வந்தால் அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். அதற்குள் நான் தாண்டிப் போயிருப்பேன். இப்படியே புரட்டாசி வந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு மைக்செட் நான்தான் போட்டேன். அவர் பாட்டையே போடலாமா என்று யாரோ கேட்டார்கள். அவர் மனைவி வசந்தா அழுகைக்கு நடுவில் தலையை நிமிர்த்தி, “வேணாண்ணா. அந்தப் பாட்டக் கேட்டா இந்த மனுசன் எழுந்து நடக்க ஆரம்பிச்சிடும்,” என்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டு மறுபடி அழுதார்கள்.

நான்காம் நாள் வசந்தா ஒரு துணிப்பை நிறையக் கேசட்டுகளைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார்.

“ஊரு பேசினது எல்லாம் இதுல இருக்குதுண்ணா. நான் எதையும் கேக்கல, கேக்கத் தெம்பு இல்ல. கருமாதி அன்னிக்கு எல்லாத்தையும் மைக்குல போடுங்க. அவருக்கு அதுதான் முக்கியம். வேல விட்டு வந்தா அந்த டேப்புப் பொட்டியோடவே பேசிக்கிட்டுக் கெடப்பாரு.”

என் கேசட் அந்தப் பைக்குள்ளேயே இருந்தது. தானாகத் தேடி வந்துவிட்டதே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம். முழுதாக அழித்துவிட்டால் வசந்தாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தமிழ் வாத்தியார் வந்தார்.

“ஏம்பா, கருமாதியில அதெல்லாம் போடப் போறியாமே? செத்துப்போன மனுஷனைப் பத்திக் குறை சொன்னது சபையில கேக்கக் கூடாதுப்பா. என்னுதை அழிச்சிடு. நல்லதா ரெண்டு வார்த்தை அப்புறம் வந்து பேசித் தரேன்.”

அவர் போய் அரை மணி நேரத்தில் மணி வந்தார். மறுநாள் அஞ்சலை அக்காவே வந்தார்.

“செத்தவனத் திட்டின வாயின்னு ஊரு காறித் துப்பும்பா. நல்லாயிருப்ப, அழிச்சிடு.”

இறந்தவரைப் பற்றிக் குறை பேசினால் பாவம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள பயம். எனக்கு அந்தப் பயம் வசதியாகப் போய்விட்டது. எல்லோருடையதும் அழிகிறபோது என்னுடையதும் அழிந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மூன்று கேசட்டையும் ஒவ்வொன்றாக மாட்டி, மைக் இல்லாமல் ரெக்கார்டு பொத்தானை அழுத்தி, அரை மணி நேரம் ஓடவிட்டுவிட்டு நான் வேறு வேலை பார்த்தேன். அடுத்தவர் திட்டியதை நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று மரியாதையான ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

கடைசியாக என் கேசட்டை மாட்டினேன். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிட ஆசை வந்தது, எவ்வளவு கேவலமாகப் பேசினேன் என்று தெரிந்துகொள்ள. கேட்டேன். மூன்று நிமிஷம். உடம்பெல்லாம் கூசியது. என் குரல் நின்ற பிறகு கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பொத்தானில் கை வைத்தபோது ஒரு இருமல் சத்தம் கேட்டது.

“சேகரண்ணே, ஏழுமல பேசறேன். ரொம்பக் கோவமா இருக்கீங்க. மூணாவது பாட்டு உங்களப் பத்திதான், ஒத்துக்கறேன். மைக்க அணைச்சதுல எனக்கு வருத்தம் இல்லண்ணே, அது உங்க பொழப்பு. நான் உங்க எதுர்லயே நின்னு அந்தப் பாட்டப் பாடறேன், நீங்க தலைய ஆட்டிக்கிட்டே இருந்தீங்க. மனுசனுக்கு எவ்ளோ பெரிய மனசுன்னு நெனச்சி எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டுச்சி. கேக்கவே இல்லன்னு இப்பதான் தெரியுது. அதாண்ணே கஷ்டமா இருக்குது. பரவால்ல. எல்லாருக்கும் இதே மாதிரி பதில் பேசி வெச்சிருக்கேன். அடுத்த கேசட்டு வரும்போது இதையும் சேத்துக் குடுப்பேன். நீங்கதான் ரெக்கார்டு பண்ணணும். கால ஒடச்சாலும் வருவேன்.”

எல்லாருக்கும்!

தலையில் அடித்துக்கொண்டேன். பையைக் கொட்டி மீதிக் கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இருபத்தாறிலும் ஆட்கள் பேசி முடித்த பிறகு ஏழுமலையின் குரல் இருந்தது. சிரிக்கிறார், சண்டை போடுகிறார், ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கிறார், ஒருவருக்குத் திருத்திய பாட்டை அங்கேயே பாடிக் காட்டுகிறார். மூன்று கேசட்டில் மட்டும் ஒன்றுமில்லை. அந்த மூன்றையும் நான் அழித்துவிட்டேன். இனி எந்த மிஷினாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இந்தக் கடையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து நான் செய்த பாவங்களில் இதற்கு மேல் ஒன்றில்லை. இதை ஊரறியச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வசந்தாவிடம் முதலில் சொன்னேன். அவர் அந்த மூன்று கேசட்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அவங்ககிட்டப் போய்ச் சொல்லிடுங்க,” என்றார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “மோனையைப் பத்தி என்னப்பா சொல்லியிருப்பான்?” என்று என்னிடமே கேட்டார். மணி உள்ளே போய்விட்டார். அன்றைக்கு டீ போடவில்லை.

அஞ்சலை அக்காவிடம் நேற்றுத்தான் போனேன். சைக்கிள் கேரியரில் டேப் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு உப்பளத்துக்கே போனேன். வரப்பில் உப்புக் கூடையோடு வந்துகொண்டிருந்தவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கூடையை இறக்கி வைத்தார்.

“எழவெடுத்தவனே! நான் திட்டினா அவன் சும்மா இருப்பானா? அது கூடவா உனக்குத் தோணல?”

“நீங்கதானேக்கா அழிக்கச் சொன்னீங்க.”

“என் வாய அழிக்கச் சொன்னேன். அவன் வாய யாரு அழிக்கச் சொன்னது?”

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கேசட்ட எடுத்தாந்திருக்கியா? போடு,” என்றார்.

போட்டேன். ரெக்கார்டு பொத்தானை அழுத்தினேன். அக்கா டேப் ரெக்கார்டர் பக்கம் குனிந்து, அன்று திட்டியதை ஒரு வார்த்தை குறையாமல் மறுபடியும் திட்டினார். யாரு காலுடா எரியுது என்றார். எங்க கால வெச்சி நீ பாட்டுக் கட்டுவியா என்றார். அப்புறம் குரல் இறங்கியது.

“பத்து நாளு எங்கூட நின்னு வாரினியே, அது போதும்டா. அதுக்கப்புறமும் ஏண்டா அப்படி ஓடின? ஒடம்பு மஞ்சளாவுதுன்னு தெரிஞ்சும் மூணு நாளு படுக்க மாட்டேன்னுட்டியே. படுத்தா என்னடா கொறஞ்சிபோயிடும்? சொல்றா.”

அதோடு நிறுத்திக்கொண்டார். பொத்தானை அணைக்கக் கையை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இருப்பா. அவன் பேசட்டும்.”

போய் வாருங்கள், ஏழுமலை. அந்தப் பக்கம் முழுதும் ஓடி முடிந்து பொத்தான் தானாக எழும்பும்வரை, அக்காவும் நானும் வரப்பிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.